ரயிலுக்குக் காது திருப்பும் குட்டி

மதியச் சாப்பாடு முடிந்து தாம்பரமே கண் சொக்கிக் கிடக்கிற நேரத்தில்தான் என் குதிரைகள் ஓடும். பிரான்ஸில் ஏதோ ஒரு சின்ன ஊர். பந்தய மைதானம் என்று பேர், பாதி நாள் பனிமூட்டம்தான் தெரியும். அதற்குள்ளிருந்து இரண்டு வயதுக் குட்டிகள் வெளியே வந்து, என் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிற லேப்டாப்பில் ஓடிவிட்டு, மறுபடி பனிக்குள்ளேயே போய்விடும். ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் ஆடும். எது இந்த ஊர்க் காற்று, எது அந்த ஊர்க் காற்று என்று சில நாள் எனக்கே குழம்பும்.

இதற்கெல்லாம் சம்பளமா என்று கேட்காதீர்கள், என் அம்மாவே இன்னும் நம்பவில்லை. குதிரை வாங்குகிறவர்களுக்காக வீடியோ பார்த்து மார்க் போடுகிற வேலை. கால் எப்படி வீசுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, பக்கத்துக் குதிரை முந்தினால் ரோஷம் வருகிறதா. தேறும் என்று எழுதினால் பயிற்சி தொடரும். தேறாது என்றால் மைதானத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள். எங்கே என்று ஒருதரம் கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தச் செம்பழுப்புப் பெண்குட்டியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நெற்றியில் விபூதிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளை. ஓட ஆரம்பித்தால் காலே தரையில் படாது. ஆனால் கடைசி வளைவில், முதலாவதாக வந்துகொண்டிருக்கும்போதே, யாரோ கூப்பிட்ட மாதிரி காதைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துவிடுவாள். மற்றதெல்லாம் தாண்டிப் போய்விடும். இரண்டு பந்தயத்திலும் இதே கூத்து. "ஏன்டி இப்படிப் பண்றே?" என்று திரையைப் பார்த்தே திட்டினேன். சாயங்காலத்துக்குள் முடிவு அனுப்பியாக வேண்டும். 'தேறாது' என்று அடித்து வைத்துவிட்டு, அனுப்ப மனசு வராமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். ரயில் வந்தால் எங்கள் தெருவில் பேச்சை அப்படியே நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். நிறுத்தினதே எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது பழகவேயில்லை. மலையோரத்து ஊர்க்காரர். கல்யாணமாகி வந்ததிலிருந்து தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டுதான் படுக்கிறார். ரயிலே போகாத கீழ்க்கட்டளைப் பக்கம் குடி போய்விடலாமே என்பார். "போகப் போகப் பழகிடும்" என்பேன். பல வருஷமாக இதே பதில்தான்.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு சோபாவில் புரண்டுகொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நம்ம ரயில்தான் போயிடுச்சே, இன்னும் என்ன சத்தம்?"

"எங்கே?"

"உன் லேப்டாப்லம்மா. அங்கயும் ஒரு ரயில் போகுது."

அடக் கடவுளே! சத்தத்தோடுதான் அத்தனை தரமும் பார்த்திருக்கிறேன். ஓடவிட்டுக் கேட்டேன். கடைசி வளைவு, வேலி, வேலிக்குப் பின்னால் தடதடவென்று ரயில். முதலில் அவள் காது திரும்புகிறது, அப்புறம்தான் கால் தளர்கிறது. இன்னொரு பந்தயத்திலும் அதே இடம், அதே ரயில். பாவம், அவளிடம் குறையே இல்லை. 'தேறாது' என்று அடித்து வைத்திருந்ததை அழித்தேன்.

மேலதிகாரிக்கு போன் போட்டேன். "மேடம், பார்க்கச் சொன்னா கேட்கவும் செய்றீங்களா?" என்று சிரித்தார். ஆனாலும் ரயில் போகாத மைதானத்தில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்.

சில வாரம் கழித்து அந்த வீடியோ வந்தது. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டு பார்த்தோம். சுற்றிலும் வயல், வெளிறின வெயில். வளைவு வந்தது. காது முன்னாலேயே நின்றது. ஓடினாள், அப்படி ஓடினாள்! தூக்கத்தில் பறக்கிற மாதிரி, அவளுக்குச் சிரமமே இல்லை. இரண்டாவதாக வந்தாள். 'தேறும்' என்று அடித்து அப்போதே அனுப்பினேன். கண்ணில் தண்ணீர்.

அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை கீழ்க்கட்டளைல வீடு பார்த்துட்டு வரலாமா?" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்துவிட்டது. அது போகிறவரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காதுல விழல, இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

விழுந்திருந்தது. இன்னொரு தரம் சொன்னேன்.