டிக்கியில் கிடந்த காலண்டர்கள்

சிவகாசியில் காலண்டர் ஆர்டர் எடுப்பவன் நான். சீசன் முழுக்க என் ஆட்டோமேட்டிக் காரின் டிக்கியில் தகரம் அடித்த சாம்பிள் காலண்டர்கள் கிடக்கும். அதனால் காரில் கடகடவென்று சத்தம் வந்தபோது, தகரம்தான் ஆடுகிறது என்று விட்டுவிட்டேன்.

ரயில்வே கேட்டில் காத்து நின்றபோது, "வண்டி நிக்கும்போதும் தகரம் ஆடுமாக்கும்?" என்றாள் மனைவி. அலைந்த அலுப்பில் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

சாத்தூர் சாலையில் இன்ஜின் இரைந்தது, கார் இழுக்கவில்லை. பின்னால் பட்டாசு லோடு லாரி. லாரி டிரைவர் ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தோம்.

"இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேக்குற தகடு விரிசல் விட்டு உடைஞ்சிருக்கு அண்ணாச்சி. ரொம்ப நாளா சத்தம் கொடுத்திருக்குமே" என்றார் மெக்கானிக். மனைவி டிக்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது சத்தம் கேட்டால் டிக்கியைக் காலி செய்துவிட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்தபடி கியர் போட்டுக் கேட்கிறேன். போன வாரம் கேட்டது காலண்டர் சத்தம்தான். ஆனாலும் பஸ்ஸில்தான் போனேன்.