எஸ்தர் அக்கா அழித்த பாட்டு

கேசட்டில் இல்லை. இரண்டு பக்கங்களையும் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாலும் கிடைக்காது. ஆனால் அந்தப் பாட்டைப் பதிவு செய்தது உண்மை. நான் அங்கே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் போத்தனூரிலிருந்து எஸ்தர் அக்காவின் தங்கை போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க கண்ணு. தூக்கத்துலயே." கல்லறைத் தோட்டத்தில் பலரும் என்னிடம் அந்தப் பாட்டைப் பற்றியே கேட்டார்கள். நினைவு மலரில் போட வரிகள் வேண்டும் என்றார் ஒருவர். அவருக்கும், அக்காவை அறிந்த மற்றவர்களுக்கும் இது.

அக்கா தாராபுரத்துப் பக்கம் பிறந்தவர். பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். நடந்த கதைகளைப் பாட்டாகக் கட்டுவார். அமராவதி வெள்ளத்தில் மாட்டின் கயிற்றை விடாமல் போனவன். லாரியோடு போனவனுக்குத் தினமும் சோறு எடுத்து வைத்தவள். அழுகை வரவேண்டிய இடத்தில் அவர் குரல் இறங்கிவிடும். யாருக்கோ வழி சொல்வதுபோலப் பாடுவார். கேட்பவர்களால் தாங்க முடியாது.

சிங்காநல்லூரில் ஒரு மாடியில் பதிவு நடந்தது. கேசட் உறைக்குக் குறிப்பு எழுத என்னை அழைத்திருந்தார்கள். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கீபோர்டு வாசித்தவர், "அந்த எடத்துல ஒரு விசும்பல் குடுங்கக்கா, ஃபீலிங் வரும்" என்றார்.

"அழுவறது கேக்கறவங்க வேலைங்க தம்பி. வேணும்னா உங்க பொட்டிய அழுவ உடுங்க."

கீபோர்டுக்காரர் சிரித்துவிட்டார். அந்த டேக்கை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு கதையைக் கட்டினால், அந்தக் கதைக்கு உரியவர்களிடம் முதலில் பாடிக் காட்டுவது அக்காவின் வழக்கம். அவர்கள் சரி என்றபின்தான் மற்றவர்கள் முன்னால் பாடுவார். அந்த ஒரு பாட்டில் மட்டும் வரிசை மாறியது. கேசட் போடுபவர் அவசரப்படுத்தினார். பதிவு முதலில் முடிந்துவிட்டது. கேட்க வேண்டியவர் மறுநாள்தான் வந்தார்.

பாட்டு, ஒரு பெண் புகுந்த வீட்டில் இறந்ததைப் பற்றியது. வெளியே ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். பாட்டு வேறொன்றைச் சொன்னது. அவள் யார், எந்த ஊர் என்று இங்கும் நான் எழுதப்போவதில்லை.

வந்தவர் அவளுடைய அம்மா. ஸ்பீக்கருக்கு நேராக உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"நல்லாருக்குது அம்மணி. என்ர புள்ள எந்திரிச்சு வந்தாப்ல இருக்குது."

சரி சொல்லிவிட்டார் என்று நினைத்தோம். அவர் முடிக்கவில்லை.

"பேத்தி அந்த ஊட்லதானுங்க இருக்குது. டீக்கடைல இது பாடுச்சுன்னா, அன்னைக்கு அவளுக்கு ஆருங்க சோறு போடுவாங்க?"

"பேரை மாத்திப்போடலாமுங்க" என்றார் கேசட் போடுபவர். "இருக்கறதுலயே இதுதான் ஓடும். இது இல்லாட்டி மத்ததை ஆரு வாங்குவா?"

"பேரை மாத்துனா ஊருக்குத் தெரியாதுங்களா?" என்றார் அக்கா. பிறகு: "இது இல்லீன்னா எனக்கு இன்னொரு கேசட் ஆரும் போட மாட்டாங்க. தெரியுமுங்க. அழிச்சுப்போடுங்க."

அதன்பின் அவருக்கு இன்னொரு கேசட் யாரும் போடவில்லை. அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

நான் கேட்டேன்: "அழிக்கணுமாக்கா? எங்கயாவது பூட்டி வைக்கலாமே."

"பூட்டுனா சாவின்னு ஒண்ணு இருக்குமில்ல கண்ணு."



டேப்பை அழிப்பதென்றால் அதன்மேல் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். இருந்து பார்க்க வேண்டியதில்லை என்று சவுண்ட் இன்ஜினியர் சொன்னார். அக்காவும் அந்த அம்மாவும் எழவில்லை. டேப் சுற்றியது. மீட்டரில் முள் அசையாமல் கிடந்தது. நடுவில் அந்த அம்மா கேட்டார்.

"இப்ப பாட்டு எங்க போயிட்டிருக்குது?"

"கல்யாணமுங்க" என்றார் அக்கா.

டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப?"

"புள்ள பொறந்திருச்சுங்க."

அதற்குப்பின் அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

வரிகள் எனக்குத் தெரியும். பெரும்பாலும் தெரியும். அந்தப் பேத்தி இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மலருக்கு நான் எதுவும் தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பாட்டு அல்ல, டேப் அழியும்போது அந்த அம்மாவுக்குச் சொன்ன இரண்டு பதில்கள். பாடும்போது இறங்குமே, அந்தக் குரலில் சொன்னவை.

அன்று, டேப் நின்றது. எஸ்தர் அக்கா அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், அவர் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்து தண்ணீர் குடித்தார். மைக் முன்னால் நின்று, லாரிக்காரன் பெண்டாட்டி பாட்டைத் தொடங்கினார்.