அத்தா விட்டுவிட்டுப் போன பல்செட்டு

சவூதியிலிருந்து அத்தா வந்து இறங்கியபோது வாயில் கைக்குட்டையை வைத்திருந்தார். பயணத்தில் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து கைக்குட்டையை எடுத்து ஸலாம் சொன்னார். பாதி காற்றாகப் போயிற்று. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டையும் காணோம். கட்டட வேலையில் மேலேயிருந்து கம்பி விழுந்து வாயில் அடித்துவிட்டதாம். போனில் அதைப் பற்றி அவர் மூச்சே விட்டதில்லை. வீடியோவில் வரச் சொன்னால் நெட் சரியில்லை என்பார். சவூதியில் நெட் அவ்வளவு மோசமாக இருப்பது எனக்கு அப்போதே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அத்தா வெளிநாடு போன பிறகு பிறந்தவன் என் தம்பி. முதன்முதலாகக் கண்ட தகப்பன் கையை நீட்டிச் சிரித்ததும், வீலென்று அலறிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துவிட்டான். அத்தா நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை. கோட்டைப்பட்டினத்தில் அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்பார்கள். அவர் வந்த சில நாளில் வந்த பெருநாளில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"புள்ள பயப்படுறான். போய்ப் பல்லக் கட்டிக்கிட்டு வாங்க" என்று அம்மாதான் பிடிவாதமாக அனுப்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன். அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்த அத்தா வழியெல்லாம் நாக்கால் அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டே வந்தார்.

பல் டாக்டரம்மா மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் தாடையை வைத்து விளக்கினார். "மூணு வழி இருக்குங்க. ஒண்ணு, கழட்டி மாட்டுற பல்செட்டு. சீக்கிரமே செஞ்சிரலாம். தூங்குறப்போ கழட்டித் தண்ணியில போட்டு வைக்கணும். இன்னொண்ணு பிரிட்ஜ். பக்கத்துப் பல்லுங்களத் தேச்சு, அதுங்க தாங்குற மாதிரி நிரந்தரமா ஒட்டிருவோம். கடைசி, இம்ப்ளான்ட். எலும்புலயே ஸ்க்ரூ வச்சு, அது நல்லாப் பிடிக்கிறவரை சில மாசம் பொறுத்திருந்து, அப்புறம் பல்லு மாட்டணும்."

சில மாசம் என்ற இடத்தில் என் காது நிமிர்ந்துவிட்டது. அத்தாவின் லீவு இரண்டே மாதம். அதிலும் பாதி போய்விட்டது. எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்கிறவரை அவரால் எப்படி விமானம் ஏற முடியும்? உடனே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தா, ஸ்க்ரூவே வச்சுக்கங்க. அதுதான் உறுதி."

"ஒங்க மக ரொம்ப வெவரமா இருக்காளே" என்று டாக்டரம்மா சிரித்தார்.

அத்தா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் எதற்காகச் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். "நல்லதுதாம்மா. அத்தாவுக்கு லீவு இல்லையே" என்றார். அடிபட்டதில் பக்கத்துப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததால், அது இறுகாமல் பிரிட்ஜும் ஆகாது என்றாகிவிட்டது. கடைசியில் அளவெடுத்தது பல்செட்டுக்குத்தான். திரும்பி வரும்போது அவர் வாங்கித் தந்த பப்ஸை நான் தொடவில்லை. அவ்வளவு கோபம்.

பல்செட்டு வந்தது. அண்ணத்தில் ஒட்டும் ரோஸ் நிறத் தகட்டில் இரண்டு பற்கள், பிடிப்புக்குக் கம்பி. முதலில் சாப்பிடும்போதெல்லாம் குமட்டினார். பழகியதும் அதிலேயே ஒரு வித்தை கண்டுபிடித்துவிட்டார். நாக்கால் தள்ளினால் பல் வெளியே எட்டிப்பார்க்கும், இழுத்தால் டக்கென்று உள்ளே போய்விடும். அலறிய தம்பி அதைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்து, மறுபடி மறுபடி கேட்டு, கடைசியில் அவர் மடியைவிட்டே இறங்க மறுத்தான். அத்தாவும் வாய்விட்டுச் சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினமும் காலையில் அந்தப் பல்லை ஸ்டீல் டம்ளரிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. என் கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்கே தெரியாது.

லீவு முடிந்தது. துஆ ஓதி, தம்பியை முத்தமிட்டு, அத்தா திருச்சிக்கு வேன் ஏறினார். வேன் தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே வந்தேன். ஜன்னலில் அதே டம்ளர். புதுத் தண்ணீரில், கழுவிச் சுத்தமாக, பல்செட்டு கிடந்தது.

"அத்தா பல்ல மறந்துட்டாக! திரும்பி வருவாக!" என்று துள்ளிக் குதித்து வாசலுக்கு ஓடினேன். பல் இல்லாமல் எப்படிப் போவார்? பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "பல்ல விட்டுட்டுப் போயிட்டீங்களே. அங்க போற யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்பவா?"

"வேணாம், வீட்டுலயே இருக்கட்டும். எனக்கு அங்க அது எதுக்கு? வந்து போட்டுக்குறேன்."

அம்மா போனை வைத்துவிட்டு வந்து டம்ளரை ஒரு சின்ன மூடியால் மூடி, ஜன்னலிலேயே திரும்ப வைத்தாள். வேண்டுமென்றேதான் விட்டுப் போயிருக்கிறார், இதற்காகவாவது சீக்கிரம் வந்துவிடுவார் என்று தம்பியிடம் ரகசியமாகச் சொன்னேன். தினமும் தண்ணீர் மாற்றிவைத்தேன். அந்தப் பல் எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்காகக் கட்டியது, போகிற ஊரில் அவர் சிரித்துப் பேச ஓர் ஆள்கூட இல்லை என்பதெல்லாம் அன்று எனக்கு விளங்கவில்லை.