செத்த வீட்டைக் கடந்து போன கொள்கலன்

கொழும்புத் துறைமுகத்திலிருந்து வடக்கே வரும் கொள்கலன்களுக்கு வழி பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. யாழ்ப்பாணம் நகரில் சின்னதொரு அலுவலகம். எந்த லொறி எப்போது புறப்பட வேண்டும், எந்த மதகு பாரம் தாங்கும், எங்கே மின்கம்பி தாழத் தொங்குகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். பெரும்பாலும் கடைகளுக்கு வரும் மாபிளும் சீமெந்தும்தான். ஊருக்குள், ஒரு வீட்டு வாசல்வரை நான் கொள்கலனைக் கொண்டுபோனது ஒரேயொரு தடவை. அது என் அக்கா வீட்டுக்கு.

அக்காவும் அத்தானும் கனடாவை விட்டுச் சொந்த ஊரான உடுப்பிட்டிக்கே திரும்பி வந்து இருப்பதாக முடிவெடுத்து, முதலில் வீட்டுச் சாமான்களை அனுப்பினார்கள். பெரிய வீதியில் வைத்து இறக்கி, சின்ன லொறிகளில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். அத்தான் சம்மதிக்கவில்லை. கண்ணாடிச் சாமான் கிடக்கிறது, இரண்டு தரம் ஏற்றி இறக்கினால் உடைந்துவிடும் என்றார். தன் வாசலில் அது வந்து நிற்பதை ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அவர் சொல்லவில்லை. எனக்கு அது விளங்காமலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையை அளக்கப் போனேன். அக்கா வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாமரம் வேலிக்கு வெளியே கொப்பு நீட்டி நின்றது. அந்த வீட்டுக்காரர் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்த மனிதர். நோய் வருத்தம் கூடி, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"கொப்பு வெட்டுறதுக்கு என்னட்டைக் கேக்க வேணுமோ தம்பி? வெட்டு" என்றார்.

அவருடைய மகன் அப்போதே ஏறி வெட்டினான். காய்த்திருந்த கொப்பு. காய்களைப் பையில் போட்டு எனக்கே தந்துவிட்டார்கள்.

கொள்கலன் வந்த அன்று, நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் நேரே பெரிய வீதிக்குப் போய்க் காத்து நின்றேன். வாகனங்களை மறித்து, லொறியை ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டுப் பின்னால் போனேன். வளைவு தாண்டியதும் சாரதி பிறேக் போட்டார். இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். ஒழுங்கைக்குக் குறுக்கே தறப்பாள் பந்தல் கட்டியிருந்தது. அதன் கீழே கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் பறைமேளம் அடித்துக்கொண்டிருந்தது. மாமரத்து வீட்டுக்காரர் முதல்நாள் இரவு இறந்துபோயிருந்தார். அன்று பின்னேரமே எடுக்க இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சேரட்டும் என்று பார்த்திருக்க அந்தக் குடும்பத்துக்கு ஒருவரும் இல்லை.

சாரதியிடம் பின்னுக்கு எடுக்கச் சொன்னேன். அதற்குள் மகன் வெறும் மேலுடன் நடந்து வந்தான்.

"பின்னுக்கு எடுக்க வேண்டாம் அண்ணை. ரோட்டிலை பஸ் எல்லாம் மறிபடும். கயிறை அவிட்டால் சரிதானே."

இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பா இருந்தால் உங்களைத் திரும்பிப் போக விடமாட்டார். கொண்டு போங்கோ" என்றான்.

அவனே கயிற்றை அவிழ்த்தான். இருந்தவர்கள் எழுந்து ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினார்கள். மேளம் நின்றது. லொறி உறுமிய சத்தத்தில் உள்ளே பெண்கள் அழுத குரலும் நின்றது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி லொறிக்கு முன்னால் நடந்தேன். யாருடைய முகத்தையும் பார்க்க என்னால் முடியவில்லை.

சுடலைக்குப் போகும் வழி அக்கா வீட்டைத் தாண்டித்தான். லொறி நின்றால் பிரேதம் போக முடியாது. பின்னேரத்துக்குள் இறக்கி முடிக்க, லொறியோடு வந்த கூலியாட்கள் போதவில்லை. நான் ஒருவரையும் கேட்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாங்களாகவே வந்தார்கள். சோபா, கட்டில், கண்ணாடி அலுமாரி என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒரு வயதானவர் ஒரு மெஷினின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று என்னிடம் கேட்டார். நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின் என்றேன்.

"வீட்டுக்குள்ளையோ?" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வீடியோ கோல் எடுத்தார். சனத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஊர்ச்சனம் எல்லாம் வந்து நிக்குது போலை."

செத்த வீட்டுச் சனம் என்று சொல்லி, இறந்தவர் யாரென்பதையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர் என்றார். அடுத்த மூச்சிலேயே, கண்ணாடி அலுமாரியை இறக்கியாயிற்றா என்று கேட்டார். பக்கத்தில் அந்த அலுமாரியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு அது கேட்டது. நான் போனை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டேன்.

வெறும் கொள்கலனோடு லொறி பின்னோக்கி வெளியேறியபோது தறப்பாளை இரண்டாம் தரமும் அவிழ்த்தார்கள். பின்னேரம் பிரேதத்துக்குப் பின்னால் நானும் நடந்தேன். யாரோ வழி விட்டு என்னை முன்னுக்கு வரச் சொன்னார்கள். நான் கடைசி ஆளாகவே போனேன்.

எட்டாம் நாள் நடந்த எட்டுச் செலவுக்கும் போனேன். போகாமல் விட மனம் ஒப்பவில்லை. மகன் என் கையைப் பிடித்து முதல் பந்தியில் இருத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவனுடைய தாய் என் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அக்காவின்ரை சாமான் ஒண்டும் உடையேல்லைத்தானே?"

அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"ஒண்டும் உடையேல்லை அம்மா" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லி, என் இலைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

அக்காவும் அத்தானும் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அடிக்கடி போவேன். அந்த ஒழுங்கையால் போவதில்லை. தோட்டங்களுக்குள்ளால் ஒரு வண்டில் பாதை இருக்கிறது. அதால் சுற்றித்தான் போகிறேன். மழைக்காலத்தில் அங்கே சேறு. ஏன் இப்படிச் சேறும் சகதியுமாக வருகிறாய் என்று அக்கா கேட்பாள். இது குறுக்கு வழி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.