நோட்டில் விட்டுப்போன கோடு

தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. என் மனைவியின் வளையல் விற்ற பணம் கொரட்டூர் நிறுவனம் ஒன்றில் இருந்தது. தினமும் அதன் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்.

ஒருநாள் காலை அங்கே ஒல்லியான ஒருவர் நின்றிருந்தார். கையில் நோட்டு. பென்சில் நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டு, மூடிய கதவையே பார்த்தார். பணம் எடுக்க வந்தவர் என்று நினைத்தேன். அவர் பின்னால் போய் நின்றேன். நோட்டில் ஒரு கோடு போட்டார். என் பின்னால் பூக்காரம்மா வந்து நின்றார், இன்னொரு கோடு. பத்து மணிக்குள் வரிசை ரயில்வே கேட்டைத் தொட்டது.

“எவ்ளோ போட்டுக்கீறீங்க சார்?” என்று பூக்காரம்மா அவரைக் கேட்டார்.

“நான் போடலம்மா. பேங்க்ல ஆராய்ச்சிப் பிரிவு. ஜனங்க எப்ப பயந்து பணம் எடுக்க வராங்கன்னு கணக்கெடுக்கிறேன். நேத்து வரைக்கும் யாரும் வரல.”

“உங்களப் பாத்துதான் சார் நாங்க வந்து நின்னுகினு கீறோம்.”

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். நோட்டை மூடிக்கொண்டு வேகமாக நடந்தார். அவர் போன வேகத்தைப் பார்த்து மொத்த வரிசையும் கதவில் போய் மோதியது.

கதவு திறந்ததும் எனக்குப் பணம் கிடைத்தது. நெரிசலில் பின்னுக்குப் போன பூக்காரம்மாவின் முறை வந்தபோது கவுண்ட்டரை மூடிவிட்டார்கள்.

அந்த நோட்டின் முதல் கோடு நான். அதற்கு முன்னால் அவர் தனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.