நாற்பது பாகம்

கோட்டைக்குப்பத்துச் சம்பந்தத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. மனைவி ஜெயம்மாவின் தம்பி லோகநாதனோடு இருபது வருடமாக ஒரே படகில் போகிறவர். மாசி மாதம் படகில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருடைய வலது கை முழுதாக நீளவில்லை. ஜெயம்மாவுக்குத் தெரியும். லோகநாதனுக்குச் சொல்லவில்லை, சொன்னால் படகில் இடம் போய்விடும். வலியைவிட அதை மறைப்பதுதான் அவரை அதிகம் களைக்கவைத்தது.

ஆடியில் மூவருமாக ஏரியில், முழங்கால் தண்ணீரில், வலையடைப்புப் போட்டு நண்டு வளர்க்க முடிவு செய்தார்கள். லோகநாதன் அளந்து சவுக்குக் கழிகளை நட்டான். நீளம் பன்னிரண்டு பாகம், அகலம் எட்டு. இரண்டு கைகளையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம். வலைக்கும் கயிற்றுக்கும் அங்கே அதுதான் அளவு. சம்பந்தம் சுற்றளவை மனதிலேயே போட்டார். பன்னிரண்டும் எட்டும் இருபது, எதிர்ப்பக்கங்கள் இன்னொரு இருபது. கரையில் நின்று, சுருளிலிருந்து நாற்பது பாகம் வலை எண்ணி அறுத்தார்.

மறுநாள் காலை நண்டுக் கூடைகளோடு போய்க் கட்டத் தொடங்கினார்கள். மூன்று பக்கம் முடிந்தது. நாலாவது பக்கத்தில் பாதியிலேயே வலை தீர்ந்துவிட்டது.

"இன்னா மாமா, நாலு பாகம் காணோம். நண்டு கட்ச்சினு பூட்ச்சா?" என்றான் லோகநாதன்.

"நாப்பதுதான்டா வேணும். நீயே கூட்டிப் பாரு."

"கூட்டல் கரீட்டுதான். எண்ணசொல்லோ தூங்கிட்டியா?"

எண்ணிக்கையும் சரிதான் என்பது சம்பந்தத்துக்கு அப்போது புரிந்தது. விரியாத கையை வைத்து நாற்பது தடவை அளந்திருக்கிறார்.

"எண்ணிக்க தப்பிட்டுது," என்றார். கை போனவன் என்பதைவிடக் கணக்குத் தெரியாதவன் என்ற பெயர் லேசாகத் தெரிந்தது.

"எட்ட ஆறாக்கிடு," என்றாள் ஜெயம்மா. "பன்னண்டு, ஆறு, பன்னண்டு, ஆறு. முப்பத்தாறு. இருக்கற வலையே போதும்."

லோகநாதன் நீளவாட்டத்தில் ஒரு வரிசைக் கழிகளைப் பிடுங்கினான். கயிற்றைச் சம்பந்தத்திடம் நீட்டினான். "ரெண்டு பாகம் உள்ள தள்ளி அளந்து காட்டு மாமா. நா குத்திக்கினே வரேன்."

வாங்கிக்கொண்டார். இடது கை நீண்டது. வலது கை முழுதாக விரியாமல் நின்றது. இந்தக் குறைந்த அளவுக்குக் கழி நட்டால் வலை மறுபடியும் சேராது, விடுகிற நண்டெல்லாம் அந்த இடைவெளியில் போய்விடும். ஜெயம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே அளந்துக்க லோகு. என் பாகம் கொறஞ்சிபோச்சு."

லோகநாதன் அந்தக் கையைப் பார்த்தான். "எத்தினி நாளா?"

"மாசிலேந்து."

"சொல்றதுக்கு இன்னாவாம்?"

லோகநாதன் கயிற்றை வாங்கி அளந்தான். ஒவ்வொரு கழியாகக் குத்திக்கொண்டே போனான். கடைசிக் கழியை ஆட்டிப் பார்த்துவிட்டு, திரும்பாமலே சொன்னான்:

"நாளைக்கு படகுல பக்கத்தூட்டு தேவேந்திரன இட்டுக்கினு போறேன். வலை இழுக்க ஆளு வோணும். நீ இந்த அடைப்பப் பாத்துக்க."

"செரி," என்றார் சம்பந்தம்.

வலையின் இரண்டு முனைகளும் சேர்ந்து, ஒரு சாண் மிச்சமிருந்தது. அதை மடித்து இடது கையால் கட்டினார். இருபது வருடத்தில் முதல்முறையாக, நாளைக் காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.