வாசிக்காத உறுமிக்குப் பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எங்கள் ஆல்பத்தைப் பற்றி அரைப் பக்கத்துக்கு விமர்சனம் வந்திருந்தது. தம்போயில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே படித்தேன். படித்து முடித்தபோது ரொட்டி ஆறிப்போயிருந்தது, எனக்கு மண்டை சூடாகியிருந்தது. திட்டி மட்டும் எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த மனுஷன் பாராட்டியும் இருந்தார்.

முதல் பாதி திட்டுதான். கிட்டாரெல்லாம் இரவல் சத்தமாம், வெள்ளைக்காரப் பையன்களைப் பார்த்துப் பழகியதாம். அந்த கிட்டார் நான்தான். சரி, போய்த் தொலையட்டும், இதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தோல் தடித்துவிட்டது. இரண்டாவது பாதியைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த இரைச்சலுக்கு நடுவே நம்மைத் தலைநிமிர வைப்பது உறுமி ஒன்றுதான், டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் ரத்தத்திலேயே அது ஓடுகிறது, அவருடைய பாட்டன் பால்மரக் காட்டில் அடித்த அடி இது என்று உருகி உருகி எழுதியிருந்தார்.

எங்கள் டிரம்மர் பிறந்ததிலிருந்து உறுமியைத் தொட்டதே கிடையாது. அவன் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து மலேசியாவுக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவன் டிரம்ஸ் கற்றுக்கொண்டதும் அந்த சர்ச்சில்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியது என் தாத்தா. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் அந்த அரைப் பக்கத்தை எப்படி நிரப்புவது?

மத்தியானம் அவனே போன் செய்தான்.

"மச்சான், பேப்பர் பாத்தியா? எங்க அப்பப்பா ஸ்டேஷன் மாஸ்டர்லா. பச்சக் கொடிதான் ஆட்டுனாரு. உறுமி எப்பய்யா அடிச்சாரு?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"என் அடியப் பத்தி வேற எங்கயாச்சும் ஒரு வரியாச்சும் எழுதியிருக்காங்களா?"

"இல்லடா," என்றேன். "எவனும் எழுதல."

அவன் அடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் இடத்தில் அவனுக்கு ஷிப்ட் வேலை. வேலை முடிந்து வந்து, தம்போயில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து அடிப்பான். எல்லா டிரம்மரும் அடிக்கிற இடத்தில் அவன் அடிக்க மாட்டான். ஒரு மயிரிழை பிந்தித்தான் அவன் அடி விழும். விழுமா விழாதா என்று நெஞ்சு ஒரு கணம் காத்திருக்கும், அப்புறம் விழும். அந்தப் பிந்தலைப் பிடிக்க அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. நாங்களே சொந்தமாகப் பதிவு செய்து வெளியிட்ட முதல் இரண்டு ஆல்பத்திலும் உயிர் என்று ஏதாவது இருந்தால் அது அதுதான். கச்சேரிக்கு வருகிறவர்கள்கூட அவனைப் பார்த்துக் கைதட்டலைப் பிந்தித் தட்டப் பழகியிருந்தார்கள்.

பிறகு கோலாலம்பூரிலிருந்து பெரிய கம்பெனி கூப்பிட்டது. மூன்றாவது ஆல்பம் அவர்களுக்கு. பாடல்களைக் கடைசியாகக் கலந்து முடிக்கும் நாளில் இவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். கம்பெனிக்காரர் கணினித் திரையைக் காட்டினார். இவன் அடித்த ஒவ்வொரு அடியும் சின்னச் சின்ன மேடாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் தாளத்துக்குப் போட்ட கோட்டுக்கு நேராக இழுத்து வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் லேட்டா விழுது ப்ரோ. கரெக்ட் பண்ணிட்டோம்," என்றார்.

அத்தோடு விட்டார்களா? ஆறு பாட்டில் உறுமியை ஒட்டியிருந்தார்கள். ஆள் வைத்து வாசித்ததுகூட இல்லை. எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய நாலு நொடிச் சத்தம், திரும்பத் திரும்ப அதே நாலு நொடி. "மலேசியத் தமிழ் பேண்டுன்னா உறுமி இருக்கணும் ப்ரோ, அப்பத்தான் வெளியூர்ல எடுபடும்," என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாத்தான் இருக்கு" என்றேன். மெத்தென்ற நாற்காலி, குளுகுளு அறை, எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு 'சார்' என்று கூப்பிட்ட பெண். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் மயங்கிவிட்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஆல்பம் வந்தது. ஆளாளுக்கு எழுதினார்கள், பேசினார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிற ஒரு இணையதளம் கிட்டாரைக் குப்பை என்றது, உறுமியைக் காட்டின் இடிமுழக்கம் என்றது. எந்தக் காடுடா? யூடியூப்பில் ஒருவன் உறுமி வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சாமி வந்த மாதிரி ஆடினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது என்று ஒன்று இவர்களுக்கு எதற்கு, கண்ணாடி மாட்டிக்கொள்ளவா? எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கிறவர். அவரிடம் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டுகூட முடியவில்லை.

"அட என்னா தம்பி, இது மெசின்லா," என்றார். "நாலு தடவைக்கு ஒரு தடவையாச்சும் கை மாறும். இது மாறவே இல்ல. அடிக்கிறவனுக்குக் கை வலிக்க வேணாமா?"

ஒரு லாரி டிரைவருக்கு ஒரு நிமிஷத்தில் கேட்டது, விமர்சகர்களுக்கு ஒரு மாதமாகியும் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் உறுமி அடிக்க வேண்டும். உறுமி கேட்டால் அது தோட்டத்துப் பிள்ளை அடித்ததாக இருக்க வேண்டும். அவர்கள் பாட்டைக் கேட்கும் முன்பே மனதில் எழுதி முடித்துவிட்டார்கள். நடுவில் ஒருத்தன் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து அடித்தது காற்றில் போனது.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஆல்பத்துக்குக் கலந்துரையாடல் நிகழ்ச்சி வைத்தது கம்பெனி. தலைமை தாங்க வந்தவர் அந்த ஞாயிறு விமர்சகரேதான். அதற்கு இரண்டு நாள் முன்னால் நானும் டிரம்மரும் டயர்க் கடை மாடியில் உட்கார்ந்திருந்தோம்.

"நானே மைக்ல சொல்றேன் மச்சான்," என்றேன். "உறுமி மெசினு, அடி உன்னோடது, அதையும் இவங்க நேராக்கிட்டாங்கன்னு எல்லாத்தையும் போட்டு உடைக்கிறேன்."

"நீதான் சொல்லணும்," என்றான். "நானே என் அடியப் பத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? நீ சொன்னா போதும்லா. ஒரு தடவ சொன்னா போதும்."

நிகழ்ச்சியன்று டிரம்மர் இன்னொருவனோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு, தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தான். குத்துவிளக்கு ஏற்றி, தமிழ் வாழ்த்துப் பாடி, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி முடித்தார்கள். விமர்சகர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எல்லாரிடமும் கும்பிட்டுப் பேசுகிற ஆள். அவரை நேரில் பார்த்ததும் கோபமே வரவில்லை. வராததில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். டிரம்மரை மேடைக்கு அழைத்து, அழிந்துபோக இருந்த உறுமியைக் காப்பாற்றிய இளைஞர் என்று சொல்லி, சரிகைக் கரை போட்ட பொன்னாடையை அவன் தோளில் போர்த்தினார். உறுமி எங்கேயும் அழியவில்லை. எங்கள் மேல்வீட்டில் அது நன்றாகத்தான் இருக்கிறது.

டிரம்மர் பொன்னாடையோடு நின்றபடி என்னைப் பார்த்தான். விமர்சகர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. உறுமியச் சேக்கணும்னு இவருக்கு எப்படித் தோணுச்சு?"

மனதுக்குள் நூறு தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் வாயில் இருந்தது. முன்வரிசையில் கம்பெனிக்காரர் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆல்பத்துக்கான ஒப்பந்தம் தயாராகிவிட்டது என்று உள்ளே வரும்போதுதான் என் காதில் சொல்லியிருந்தார்.

"அது அவன் ரத்தத்துலயே இருக்குங்க ஐயா," என்றேன்.

கைதட்டினார்கள். நன்றாக, பலமாக, கோட்டுக்கு நேராகத் தட்டினார்கள்.

அவன் கும்பிட்டான். படம் எடுத்துக்கொள்ளக் கேட்டவர்களோடு நின்றான். கறி பாப் பலகாரம் கொடுத்தார்கள், சாப்பிட்டான். நான்தான் அவன் பக்கம் போகாமல் மண்டபத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் வெளியே வந்தபோது அவன் மோட்டார்சைக்கிள் பக்கத்தில் நின்று பொன்னாடையைச் சீராக மடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அத்தன பேரு முன்னால எப்புடிடா சொல்றது? அந்தப் பெரியவருக்கும் அவமானமாயிடும்ல," என்று ஆரம்பித்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பத்திரிகைக்காரனைத் திட்டினேன், யூடியூப்காரனைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன்.

அவன் பொன்னாடையைச் சீட்டுக்கு அடியில் வைத்து மூடினான்.

"அவருக்குத் தெரியாது மச்சான். தெரியாம எழுதிட்டாரு," என்றான். "உனக்குத் தெரியும்லா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் டயர்க் கடை மாடியிலிருந்து அவனுடைய டிரம்ஸ் செட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். அப்போது நான் வேலையில் இருந்தேன். இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

அடுத்த ஆல்பத்துக்கு டிரம்மர் தேட வேண்டாம், கணினியே போதும், யாருக்கும் தெரியாது என்கிறார் கம்பெனிக்காரர். இரண்டு தடவை போன் செய்துவிட்டார். நான் இன்னும் முடியாது என்று சொல்லவில்லை.